காரின் ஆல்டர்னேட்டர் இரைச்சலைக் கண்டறிதல்

ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது பெல்ட்டினால் சுழற்றப்பட்டு மின்சாரம் உண்டாக்கும் கருவி ஆகும். பேட்டரிக்கு மின்னேற்றம் செய்வதும், விளக்கு, ஏசி முதலியவற்றுக்கு மின்சாரம் தருவதும் இதுவே. பட்டறைகளில் பலர் இதைப் பழைய வழக்கப்படி 'டைனமோ' என்றே சொல்வர்.

இதன் சுழலி எஞ்சினைவிட 2 முதல் 3 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. ஆகவே அதை இருபுறமும் தாங்கும் பேரிங்குகள் நாளடைவில் தேய்ந்து, 'கொரகொர' என அரைக்கும் சத்தம் எழும். எஞ்சின் வேகத்தோடு அதுவும் உயரும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் உடலில் வைத்து, பிடியைக் காதருகே வைத்தால் சத்தம் தெளிவாகக் கேட்கும். கையும் உடையும் பெல்ட், விசிறியிலிருந்து விலகியிருக்க வேண்டும். தண்ணீர் பம்ப்பும் டென்ஷனரும் இதே சத்தம் தரக்கூடும் என்பதால், எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை. சொரசொரப்போ ஆட்டமோ தெரிந்தால் பேரிங் போய்விட்டது.

வண்டியைக் கிளப்பியதும் 'கிரீச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட்தான் காரணம். முகப்பு விளக்கையும் ஏசியையும் போட்டதும் மெல்லிய ஊளைச் சத்தம் கூடினால் டையோடைச் சந்தேகிக்கலாம். மல்டிமீட்டரில் எஞ்சின் நின்றிருக்கையில் சுமார் 12.6 வோல்ட், ஓடுகையில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டுவது இயல்பு. மின்னேற்றத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் இந்த அளவு மாறலாம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கி.மீ. திண்டிவனத்தில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்து, பெல்ட் அறுபடாமல் இருந்தால், பகலில் ஏசியை நிறுத்தி, நல்ல பேட்டரியுடன் விழுப்புரம் வந்து சேர வாய்ப்புண்டு. இரவில் 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு மட்டுமே 9 ஆம்பியர் இழுக்கும். அப்போது திண்டிவனத்திலேயே சரிசெய்வது நல்லது. எச்சரிக்கை விளக்கு எரியாமல் பேரிங் மட்டும் அரைப்பதைப் பலர் சிறிய கோளாறு என எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே கூடுதல் ஆபத்து. பேரிங் இறுகினால் பெல்ட் அறும். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை எட்டும் முன்பே எஞ்சின் கொதித்துவிடக்கூடும்.

பல ஆல்டர்னேட்டர்களில் பேரிங்கை மட்டும் மாற்ற முடியும். முழுக் கருவியையும் வாங்கத் தேவையில்லை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். இன்றைய கார்களில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி, டையோடுகளும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியும் பழுதாகலாம்.