பேனாக் கத்தியின் பூட்டை எவ்வளவு நம்பலாம்?

காணும் பொங்கலன்று நாம் எல்லோரும் ஏரிக்கரைக்குச் சென்றபோது என் வலது கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட நேர்ந்ததைப் பலரும் பார்த்தீர்கள். குழந்தைகளுக்குத் தேங்காய்த் தண்ணீர் எடுத்துத் தருகிறேன் என்று மடக்குக் கத்தியின் நுனியைத் தேங்காய்க் கண்ணில் வைத்து அழுத்தினேன். அலகு சட்டென்று மடங்கி விரலில் இறங்கிவிட்டது.

“பூட்டு உள்ள கத்திதானே, எப்படி மடங்கியது?” என்று நலம் விசாரிக்க வந்த எல்லோரும் கேட்டார்கள். கோடையில் மலையேறப் போகும் நம் பிள்ளைகள் இத்தகைய கத்திகளை வாங்கத் தொடங்கியிருப்பதால், பதிலை எழுதியே விடுகிறேன்.

முதலில் விசையின் திசையைப் பார்ப்போம். பழம் நறுக்கும்போது பழம் அலகைத் திருப்பி அழுத்துகிறது. அந்த விசை அலகைத் திறக்கும் பக்கமே தள்ளுகிறது. மடங்காமல் காக்கும் வேலை பூட்டுக்கு அங்கே வருவதில்லை. ஆனால் நுனியால் குத்தும்போதும், சிக்கிய அலகை ஆட்டி இழுக்கும்போதும், அலகின் முதுகில் அழுத்தம் விழும்போதும் விசை மடங்கும் பக்கம் திரும்பிவிடுகிறது. அலகின் நீளம் 75 மி.மீ., பூட்டு பிடிக்கும் இடம் அச்சாணியிலிருந்து 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நுனிக்கருகில் முதுகுப் பக்கம் 5 கிலோ அழுத்தம் விழுந்தால், பூட்டின் மீது 50 கிலோவுக்கு மேல் விழும். நெம்புகோல் கணக்கு அவ்வளவுதான்.

இனி பூட்டு வகைகள்.

பூட்டே இல்லாதவை: நம் வீடுகளில் உள்ள பேனாக் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகை. 1897-இல் கார்ல் எல்செனர் பதிவு செய்த புகழ்பெற்ற சுவிஸ் அதிகாரிக் கத்தியும் இதே வழியில் வந்ததுதான். முதுகிலுள்ள ஸ்பிரிங் அலகை அழுத்திப் பிடிக்குமே தவிரப் பூட்டாது. ‘டக்’ என்ற சத்தத்தைப் பூட்டு என்று நினைத்து ஏமாறக் கூடாது.

முதுகுப் பூட்டு: கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டை, அதன் கொக்கி அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழும். பலமானதுதான். ஆனால் பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தால் கொக்கி முழுதாக இறங்காது.

லைனர் லாக்: கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுக்கும். தகடு ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றால் நழுவக்கூடும். தேயத் தேய அது எதிர்ப்பக்கம் வரை நகர்ந்துவிடும். பிறகு அலகு ஆடத் தொடங்கும்.

வளையப் பூட்டு: பிரான்சின் சவோய் பகுதியில் 1890-இல் பிறந்த ஒபினெல் கத்திக்கு 1955-இல் இந்த வளையம் வந்தது. திருகினால் அலகின் வழியை அடைத்துவிடும். எளிமையானது, ஆனால் திருக மறந்தால் பூட்டு இல்லை.

என் கத்தி முதுகுப் பூட்டு வகை. பொங்கலன்று அதனால் கரும்பு சீவினேன். சாறும் சக்கையும் பள்ளத்தில் காய்ந்து கிடந்தன. கொக்கி பாதிதான் இறங்கியிருந்தது.

இதில் எனக்குத்தான் அதிக வெட்கம். ரயில்வே சிக்னல் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ரயில் தடம் மாறும் பாயிண்டில் ஒரு சோதனை உண்டு. நகரும் தண்டவாளத்துக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தகட்டைச் செருகி பாயிண்டை இயக்குவோம். பூட்டு விழக் கூடாது. சிக்னலும் இறங்கக் கூடாது. மூடியதுபோல் தெரிவது வேறு, பூட்டியது வேறு என்பதே அதன் பாடம். எத்தனையோ இளைஞர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன், சட்டைப் பையில் இருந்த கத்தியில் மறந்துவிட்டேன்.

ஆகவே சில யோசனைகள். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பூட்டுப் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். அச்சாணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். திறந்ததும் பூட்டு முழுதாக விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். கைப்பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து, விரல்கள் அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம். நல்ல பூட்டும் கெட்டுப்போகும். அசைந்தாலோ நழுவினாலோ அந்தக் கத்தியை ஒதுக்கிவிடுங்கள். விமானத்தில் செல்வோர் கைப்பையில் வைக்காதீர்கள், அனுமதி இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: எவ்வளவு நல்ல பூட்டானாலும், அது இல்லை என்று எண்ணியே கத்தியைப் பிடியுங்கள். குத்தவும் நெம்பவும் மடக்குக் கத்தி வேண்டாம். அதற்குத் திருப்புளி இருக்கிறது, மடங்காத கத்தி இருக்கிறது.

தையல் பிரித்த அன்று பேரன் கேட்டான்: “தாத்தா, அந்தக் கத்தியை எனக்குத் தருவீர்களா?” பூட்டைச் சுத்தம் செய்து, விழுந்ததா இல்லையா என்று பத்து முறை சரியாகச் சொல்லட்டும், தருகிறேன் என்றிருக்கிறேன். இதுவரை ஏழு ஆகியிருக்கிறது.