பழைய ஹை-ஃபை கருவிகள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் நிலைகொண்டுவிட்ட பிறகு, தனி வீட்டை விற்றுவிட்டு இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்கோ முதியோர் குடியிருப்புக்கோ மாறும் குடும்பங்களுக்கு, கட்டிலையும் பீரோவையும் பற்றிய முடிவுகளைவிடக் கடினமாக அமைவது, கூடத்தின் ஒரு சுவரையே பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய ஹை-ஃபை கருவிகளைப் பற்றிய முடிவாகும். ஹை-ஃபை என்பது, பதிவான ஒலியை இயன்ற அளவு திரிபின்றி மீட்டுத் தரும் நோக்கில் அமைக்கப்பட்ட கருவித் தொகுதியைக் குறிக்கும். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், ஒலிநாடாவை ஓட்டும் கேசட் டெக் அல்லது ஸ்பூல் ரெக்கார்டர், அவற்றிலிருந்து வரும் மெல்லிய மின்குறிப்பை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபையர், அதை ஒலியாக மாற்றும் ஸ்பீக்கர்கள் எனத் தனித்தனிப் பெட்டிகளாக அமைந்த இத்தொகுதியை ஒரே பொருளாகக் கருதி, மொத்தமாக விற்பதா அல்லது மொத்தமாகக் கொண்டுபோவதா என்று யோசிப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு பெட்டியும் வெவ்வேறு வேகத்தில் மூப்படைகிறது. ஒவ்வொன்றுக்கும் சந்தையில் வெவ்வேறு மதிப்பு இருக்கிறது. அவற்றுள் ஒன்றிரண்டு, வேறெங்கும் கிடைக்காத குரல்களைத் திறக்கும் ஒரே சாவியாகவும் இருக்கின்றன.

இக்கருவிகள் எளிதில் வந்து சேர்ந்தவையல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன்பு இறக்குமதிக் கட்டுப்பாடும் கடுமையான சுங்கவரியும் நிலவியதால், ஓர் அகாய் டெக்கோ சான்சுய் ஆம்ப்ளிஃபையரோ சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. உள்நாட்டில் கொல்கத்தாவின் சோனோடைன், மும்பையின் காஸ்மிக் போன்ற நிறுவனங்களின் கருவிகளும் மாதச் சம்பளக்காரருக்குச் சில மாத ஊதியத்தை விழுங்குவனவாகவே இருந்தன. ஆகவே இவற்றைப் பிரியத் தயங்கும் பெரியவர்களின் மனத்தை வெறும் பழம்பொருள் பற்று என்று இளையவர்கள் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

முடிவெடுக்கும் வரிசையில் முதலிடம் பெறவேண்டியவை கருவிகள் அல்ல, பதிவுகளே. வீட்டிலுள்ள பதிவுகளை வெளியிடப்பட்டவை, வெளியிடப்படாதவை என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இளையராஜா இசையமைத்த படங்களின் எக்கோ இசைத்தட்டோ எம்.எஸ். சுப்புலட்சுமியின் எச்.எம்.வி. இசைத்தட்டோ எவ்வளவு அருமையானதாயினும், அதே பதிவு வேறிடத்தில் கிடைக்கும். ஆனால் வீட்டுத் திருமணத்தில் வாசித்த நாகஸ்வரக் கச்சேரி, கோயில் உற்சவத்தில் நடந்த கதாகாலட்சேபம், மறைந்த தாத்தா பேரக்குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த சுலோகம், வெளிநாட்டிலிருந்த மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் ஆகியவற்றுக்கு உலகில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அந்தப் பிரதியும் நாள்தோறும் சிதைந்துகொண்டிருக்கிறது.

ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல், காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு துகள்களை ஒரு பசையில் கலந்து பூசியது. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வேதிமாற்றம் அடையும்போது பிசுபிசுப்பாகி, நாடா ஓடுகையில் பதிவுத் துகள்களே உரிந்து கருவியின் முனையில் ஒட்டிக்கொள்வதுண்டு. 1970களிலும் 80களிலும் தயாரான சில வகை ஸ்பூல் நாடாக்களில் இது மிகுதி. சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரப்பதமும், வெயில் காலத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே உள்ள பரணின் வெப்பமும் இந்தச் சிதைவை விரைவுபடுத்துவதோடு பூஞ்சணத்துக்கும் இடம் தருகின்றன. நாடாவைவிட விரைவாக அருகிவருவன அதை ஓட்டும் கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும்தான். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் யுனெஸ்கோவும் இணைந்து 2019இல் தொடங்கிய காந்தநாடா எச்சரிக்கைத் திட்டம் இந்த ஆபத்தையே முன்வைத்தது. எனவே கேசட் டெக்கும் ஸ்பூல் ரெக்கார்டரும் வீட்டைவிட்டுக் கடைசியாகப் போகவேண்டியவை என்பது இவ்விஷயத்தில் மீறக்கூடாத விதி. டெக்கை விற்றுவிட்டுக் கேசட்டுகளை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள், பூட்டை வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகின்றன.

நாடாவில் உள்ள ஒலியைக் கணினிக் கோப்பாக மாற்றும் வேலைக்கு விலையுயர்ந்த பொறி எதுவும் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள டெக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் சிறிய ஆடியோ இடைமுகக் கருவியும் போதும். தேவைப்படுவது நேரமும் பொறுமையும்தான், ஏனெனில் 90 நிமிடக் கேசட்டை மாற்ற 90 நிமிடங்கள் ஆகும்; அதைச் சுருக்க நம்பகமான வழி இல்லை. காப்பகங்கள் பின்பற்றும் தரத்தில், அதாவது விநாடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்ற அளவில், ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் கொள்ளும். பேச்சுப் பதிவுகளுக்கு இதில் பாதி அளவே தாராளம். நெடுநாள் ஓடாத டெக்கில் அருமையான நாடாவை முதலில் போடவே கூடாது. உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட், முப்பது நாற்பது ஆண்டுகளில் இளகி, தொட்டால் விரலில் தார்போல் ஒட்டும் கருங்குழம்பாகியிருக்கக்கூடும். பெல்ட்டை மாற்றி, நாடா உரசிச் செல்லும் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு கேசட்டை இரு பக்கமும் ஓட்டிப் பார்த்த பிறகே வீட்டுக் குரல்களைத் தொடவேண்டும்.

இந்த வேலை முடிந்தபின் கருவிகளைப் பற்றிய முடிவுகள் பெருமளவு இலகுவாகிவிடும். முதலில் விடைபெறத் தக்கவை பெரும்பாலும் ஆளுயர ஸ்பீக்கர்களே. தாழ்ந்த ஒலிகளை முழுமையாகத் தருவதற்காக வடிவமைக்கப்பட்ட பெரிய பெட்டிக்குச் சுற்றிலும் இடம் வேண்டும். சிறிய அறையில் சுவரோடும் மூலையோடும் ஒட்டி வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி வீங்கி, குரலை அமுக்கிவிடும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கொண்ட அடுக்ககத்தில் இது உறவுச் சிக்கலாகவும் மாறும். வாங்குபவர் முதலில் பார்ப்பது ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பைத்தான் என்பதால், முன்வலையைக் கழற்றி அதை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கவேண்டும். ரப்பரோ துணியோ ஆனால் நெடுங்காலம் தாங்கும், நுரைப்பொருளாயின் பிஸ்கட் போல உதிரும். உதிர்ந்த விளிம்பை மாற்றித் தருபவர்கள் இருப்பதால் அதற்காகவே தூக்கியெறிய வேண்டியதில்லை. பிபிசி தன் தேவைக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ போன்ற சிறிய ஸ்பீக்கர் யாரிடமேனும் இருந்தால் அதைப் பிரியவே கூடாது. சிறிய அறைக்கென்றே பிறந்த கருவி அது.

ஆம்ப்ளிஃபையரின் உயிர்நிலை, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகளில் இருக்கிறது. அவற்றுள் உள்ள திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றிவிடுவதால், பத்தாண்டு உறங்கிய ஆம்ப்ளிஃபையரை நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் போடுவது ஆபத்தானது. விவரமறிந்த மெக்கானிக்குகள் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைத்து, பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் கருவி நலம், விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே கோளாறு என்று கண்டறிகிறார்கள். ஒலி அளவுக் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரிய நோயல்ல, துப்புரவுத் தெளிப்பானில் தீரும். அதைக் காட்டி விலையைப் பாதியாகக் குறைக்கும் வியாபாரியிடம் ஏமாற வேண்டாம்.

டர்ன்டேபிளின் நிலை வேறு. இசைத்தட்டுக்கு வந்திருக்கும் மறுவாழ்வால் அதன் மதிப்பு ஏறியிருக்கிறது: அமெரிக்காவில் 2022இல், 1987க்குப் பிறகு முதன்முறையாக, சிடிக்களைவிட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் கூடுதலாக விற்றன, 1972இல் வந்து 2010இல் நிறுத்தப்பட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வரிசையை அதன் நிறுவனமே 2016இல் மீண்டும் கொண்டுவந்தது. 1954இல் இங்கிலாந்தில் வெளிவந்த கேரார்டு 301 போன்றவற்றை உலகெங்கும் தேடி வாங்குகிறார்கள். பெயர்ப்பலகையைப் படிக்காமல் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டால் அது மீளாத இழப்பு. ஆயினும் எல்லா டர்ன்டேபிளும் புதையல் அல்ல. தட்டுகளைத் தானே மாற்றும் பழைய பெட்டி வகைகளில் ஊசியின் அழுத்தம் நல்ல கருவிகளில் உள்ள 2 கிராமைப் போல இரு மடங்குக்கும் மேலாக இருப்பதால், அவை தட்டின் பள்ளங்களையே தேய்க்கின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த கருவியாயின் மின்னழுத்தத்தோடு அலைவெண்ணையும் கவனிக்கவேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் மோட்டாராயின் 33⅓ சுற்றுத் தட்டு ஏறத்தாழ 28 சுற்றே சுழலும், ஐந்து கட்டையில் பாடியவரின் குரல் மூன்று கட்டைக்கு இறங்கி ஒலிக்கும்.

இசைத்தட்டுகளின் எடையைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உறையோடு சேர்த்து நூறு எல்.பி.க்கள் 25 கிலோ அளவுக்கு வரும் என்பதால், எதைக் கேட்கப்போகிறோம் என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லி, ஓர் அலமாரித் தட்டுக்குள் அடங்குவதை மட்டும் வைத்துக்கொள்வது நலம். அவற்றைப் படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்கவேண்டும். அரிய 78 சுற்றுத் தட்டுகளும் வெளிவராத கச்சேரிப் பதிவுகளும் இருந்தால், விற்குமுன் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கர்நாடக இசை ஆவணங்களைப் பேணும் சம்பிரதாயா போன்ற அமைப்புகளிடம் பட்டியலோடு கேட்டுப் பார்க்கலாம். பட்டியல் இல்லாமல் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்குவது கொடையாகாது, அது சுமை மாற்றமே.

விற்பனையில் ஒன்றை மட்டும் வலியுறுத்தவேண்டும்: மொத்தமாகக் கேட்கும் வியாபாரி, பெரும்பாலும் ஒரே ஒரு கருவிக்காகவே மொத்தத்தையும் கேட்கிறார். சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் ஒருவரிடம் இரண்டு மூன்று கருவிகளின் மாடல் எண்ணைக் காட்டி விசாரித்த பிறகு பேரம் தொடங்கினால் ஏமாற்றம் குறையும். கையேடும் மூலப் பெட்டியும் இருந்தால் விலை கூடும். ஸ்பீக்கர் இணையைப் பிரித்தால் விலையே இல்லை. விற்பதைவிட, இசையில் நாட்டமுள்ள மருமகனுக்கோ பக்கத்துத் தெரு இசைப் பள்ளிக்கோ ஓடும் நிலையில் கொடுப்பது பல வேளைகளில் மேலானது. ஓடாத கருவியைக் கொடுப்பது மட்டும் முறையல்ல.

யாருக்கும் பயன்படாதவற்றைக் குப்பையில் போடலாகாது. ஈயம் கலந்த பற்றவைப்பும் பிவிசி உறையிட்ட கம்பிகளும் கொண்ட இக்கருவிகள் முறைசாராக் கிடங்குகளுக்குப் போனால், செம்புக்காகக் கம்பிகளை எரிக்கையில் டையாக்சின் என்னும் நச்சு வெளியேறி அங்கே உழைப்பவர்களின் நுரையீரலுக்குள் போகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சிக்குப் பதிவுபெற்ற நிறுவனங்களிடமே இவற்றை ஒப்படைக்கவேண்டும்.

வீடு மாறும் தேதி உறுதியானவுடன் லாரிக்கு முன்பணம் கொடுக்குமுன், பரணிலுள்ள கேசட்டுகளையும் ஸ்பூல்களையும் கீழே இறக்கி, எதில் யாருடைய குரல் இருக்கிறது என்பதை அக்குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவரை உடன் வைத்துக்கொண்டு எழுதி ஒட்டுங்கள். கருவிகளை விற்கும் விளம்பரத்தை அதன் பிறகு எழுதலாம்.