வண்ணத்துப்பூச்சியும் ராப்பூச்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்



பிள்ளைக்காம்பராவில் தாய்மார் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்புகிற நேரம். ஒரு சகோதரி துணியில் பொதிந்து ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால், கபில நிறத்தில், கிட்டத்தட்ட ஒரு சாண் அகலத்துக்கு இறக்கை விரித்த பூச்சி. லயத்து இஸ்தோப்பு லைட்டுக்கு வந்து, விடியும்போது செத்துக் கிடந்ததாம்.

"ஐயா, இது பட்டாம்பூச்சிங்களா, ராப்பூச்சிங்களா? பட்டாம்பூச்சி வீட்டுக்கு வந்தா நல்லதாம். இது கெட்ட சாதியாம், ஆகாதாம். மாமியார் நேத்துலேருந்து சாப்பிடாம இருக்காங்க" என்றார்.

பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் சிரிக்கவில்லை. நாம் அந்த இடத்தில் சொன்ன பதில் அரைகுறைதான். எமது படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது. ஆகவே லீவில் ஊருக்குப் போனபோது கொஞ்சம் வாசித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் வந்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எமது ஊர் உடுப்பிட்டி. யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம். தேயிலைக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பனையும் வெயிலும் உள்ள இடம். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை எங்கள் வீட்டு முற்றத்திலேயே இருந்தது.

முற்றத்தில் ஒரு தேசிக்காய் மரம், வேலியோரம் பூசைக்குப் பூ ஆயும் அலரி, கிணற்றடியில் முருங்கை. தேசி இலையில் குருவி எச்சம் போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்தால் பச்சையாகிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். சின்ன வயதில் அதைச் சீண்டுவதே எமக்கு வேலை. அது கறுப்பும் மஞ்சளும் கலந்த வண்ணத்துப்பூச்சியாகிப் பகலில் பறக்கும். அலரியில் இருப்பது பருத்த பச்சைப் புழு, முதுகில் நீலக்கண் இரண்டு மாதிரிப் புள்ளி. அது பருந்துபோல வேகமாகப் பறக்கும் பெரிய அந்துப்பூச்சியாகி, பொழுதுபட்ட பிறகு பூக்களுக்கு வரும். முருங்கையில் இருப்பதோ மயிர்க்கொட்டி. நீங்கள் கம்பளிப்பூச்சி என்பீர்கள். மாரி காலத்தில் பகலில் அடிமரத்தில் கூட்டமாக மொய்த்துக் கிடக்கும். "தம்பி, உந்த முருங்கையைப் பார், மயிர்க்கொட்டி அப்பிப் போய்க் கிடக்கு, பந்தம் கொளுத்திக்கொண்டு வா" என்று அம்மா கூப்பிடுவா. கொளுத்துவோம். அதுவும் கபில நிறத்து ராப்பூச்சியாகும் என்று அப்போது எமக்குத் தெரியாது. முதலாவதை ரசித்தோம், இரண்டாவதைப் பார்த்துப் பயந்தோம், மூன்றாவதை எரித்தோம். மூன்றும் ஒரே வகுப்புப் பிள்ளைகள்.

அந்த வகுப்புக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் லெபிடோப்டெரா. செதில் இறக்கை என்று பொருள். பிடித்துவிட்டால் விரலில் மா மாதிரி ஒட்டுகிறதே, அது தூசி அல்ல. மீன் செதில்போல, ஓட்டுக் கூரைபோல, இறக்கை முழுக்க அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள். நிறமெல்லாம் அதில்தான். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கு பிறப்பும் இருதரப்புக்கும் ஒன்றே.

1758ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இந்தப் பூச்சிகளை மூன்று பிரிவாக வைத்தார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்று, பொழுதுபடும் நேரத்துப் பருந்துப்பூச்சிகள் ஒன்று, மிச்ச ராப்பூச்சிகள் எல்லாம் ஒன்று. எங்கள் தேசிப்பூச்சிக்கும் அலரிப்பூச்சிக்கும் விஞ்ஞானப் பெயர் வைத்தவரும் அவரே, அதே ஆண்டிலேயே. தேசி, அலரி, முருங்கை என்று அவருடைய மூன்று பிரிவும் உடுப்பிட்டி முற்றத்தில் நின்றதை நினைக்கச் சிரிப்பு வந்தது.

இலங்கையின் பூச்சிகளை முழுதாக வரிசைப்படுத்திய பெரிய புத்தகம் 1880 முதல் 1887 வரை மூன்று பாகமாக வந்தது. எழுதியவர் பிரெடெரிக் மூர் என்ற ஆங்கிலேயர். ஆனால் அதிலுள்ள படங்களை வரைந்தவர்கள் பேராதனைப் பூங்காவில் வேலை செய்த டி அல்விஸ் குடும்பத்துக் கலைஞர்கள். உயிருள்ள புழுவையும் அது தின்னும் இலையையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். புத்தகத்தின் முகப்பில் இருப்பது மூரின் பெயர். அது அந்தக் காலத்து வழக்கம், தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லின்னேயஸ் வைத்த மூன்று பிரிவும் பிறகு நிலைக்கவில்லை. இன்று பெயர் வைத்த செதிலிறக்கைப் பூச்சி இனங்கள் ஏறக்குறைய 1,60,000. அதில் வண்ணத்துப்பூச்சி 19,000க்கு உள்ளேதான். ஏழு குடும்பங்கள். அதில் ஆறு குடும்பம் இலங்கையில் உண்டு, எல்லாமாக 250 இனத்துக்குக் கிட்ட. மிச்சமெல்லாம் ராப்பூச்சி. ஒரு மரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கிளை இருக்க, ஒரே ஒரு கிளைக்கு மட்டும் வண்ணத்துப்பூச்சி என்று செல்லப் பெயர் வைத்து, மற்ற எல்லாக் கிளையையும் சேர்த்து ராப்பூச்சி என்கிறோம். சரியாகச் சொன்னால் வண்ணத்துப்பூச்சி என்பது பகல் வேலைக்கு மாறிய ஒரு ராப்பூச்சிக் கூட்டம்தான்.

இந்த மரத்தின் வேர் எங்கே? உங்கள் மலைக்குப் பக்கத்து ஆற்றில் கல்லைப் புரட்டினால், மணலையும் சின்னக் குச்சியையும் நூலால் ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டி உள்ளே இருக்கும் புழுவைப் பார்க்கலாம். அதன் தாய்ப்பூச்சிக்கு இறக்கையில் செதிலுக்குப் பதில் மயிர். அதுதான் இவர்களுக்கு மிக நெருங்கிய சொந்தம். இரண்டு வீட்டுப் புழுவும் வாய்க்குக் கீழே உள்ள சுரப்பியிலிருந்து நூல் விடும். கூறைச் சேலைக்குப் பட்டு தருவதும் அந்த நூலே. (பட்டுப்பூச்சியும் ராப்பூச்சிதான். கெட்ட சாதி என்று சொல்லி யாரும் சேலையை வேண்டாம் என்பதில்லை.) இரண்டு வீடும் பிரிந்து ஏறக்குறைய 30 கோடி ஆண்டு ஆகிறது என்கிறார்கள்.

செதில் மிக மெல்லியது, கல்லில் பதிந்து கிடைப்பது அரிது. ஜெர்மனியில் நிலத்தைத் துளைத்தெடுத்த மண்ணில் 20 கோடி ஆண்டுப் பழைய செதில்கள் கிடைத்ததாக 2018இல் எழுதினார்கள். சில செதில்கள் உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிகளுடையவை. ஆச்சரியம் என்னவென்றால் அந்தக் காலத்தில் பூ மலர்ந்ததற்கே தெளிவான சான்று இல்லை. தேன் குடிக்க வந்த குழல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். முதலில் அது நீர்த்துளியும் மரங்களில் கசிவதும் உறிஞ்சியிருக்கலாம் என்கிறார்கள். பூ பிறகுதான் வந்தது.

பகலுக்கு மாறியது எப்போது? 2023இல் அகிட்டோ கவஹாரா என்ற அமெரிக்க ஆய்வாளரும் பல நாட்டுக்காரரும் சேர்ந்து, 90 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 2,300 இன வண்ணத்துப்பூச்சிகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் வண்ணத்துப்பூச்சி 10 கோடி ஆண்டுக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியதாம். அதன் புழு தின்றது அவரைக் குடும்பத்துச் செடியாக இருக்கலாமாம். வௌவாலுக்குப் பயந்து பகலுக்கு ஓடினது என்ற பழைய கதையும் இதோடு சரிவரவில்லை. இவை பகலுக்கு வந்து கோடிக்கணக்கான ஆண்டு கழித்தே வௌவால் வந்தது.

அவரைக் குடும்பம் என்றால் உங்களுக்குத் தூரத்துச் செடி அல்ல. தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற முள்முருக்கும் அதே குடும்பம், கொன்றையும் அதே குடும்பம். சிவனொளிபாத மலைக்குப் போகும் காலத்தில் வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாகப் பறந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் அந்த மலைக்கு வண்ணத்துப்பூச்சி மலை என்றும் ஒரு பெயர். அந்த மஞ்சள்காரரின் புழுக்கள் இன்றும் கொன்றை வகை இலையைத்தான் தின்கின்றன.

சரி, எப்படி அடையாளம் காண்பது? கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல்போல வந்து நுனியில் தீக்குச்சித் தலை மாதிரித் தடித்திருக்கும். ராப்பூச்சிக்கு வெறும் நூலாகவோ, சீப்பு, இறகு மாதிரியோ இருக்கும். உட்காரும்போது இறக்கையைக் கும்பிடுவதுபோல மேலே சேர்ப்பது அதிகம் வண்ணத்துப்பூச்சி. தட்டையாகவோ கூரைபோலவோ விரிப்பது அதிகம் ராப்பூச்சி. நிறத்தையும் நேரத்தையும் நம்பவேண்டாம். பகலில் பறக்கும் வண்ணமான ராப்பூச்சிகள் நிறைய உண்டு. அமெரிக்காவில் இரவில் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சிக் குடும்பமே உண்டு. அதை நெடுங்காலம் ராப்பூச்சி என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

இனம் பிரித்துத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். தேயிலையிலேயே ஒரு பாடம் நடந்திருக்கிறது.

கொழுந்து இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி உள்ளே இருந்து தின்னும் பச்சைப் புழுவை மலையில் எல்லோரும் கண்டிருப்பீர்கள். டோட்ரிக்ஸ் என்பார்கள். அது ஒரு சின்ன ராப்பூச்சியின் புழு. 1861இல் நீட்னர் என்ற ஜெர்மானியர் அதைக் கோப்பிச் செடியில் கண்டு பெயர் வைத்தார். அதனால் விஞ்ஞானப் பெயரில் இன்றைக்கும் கோப்பி இருக்கிறது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, பூச்சியும் வேலை மாறியது. தொல்லை பெருகினபோது, 1935-36இல் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது இந்தப் புழுவின் உடம்பில் முட்டை இடும். குஞ்சுகள் உள்ளே இருந்தே புழுவைத் தின்றுவிடும். மருந்தில்லாமலே தொல்லை அடங்கியது.

1950களில் வேறொரு தொல்லை. தண்டைத் துளைத்துக் கிளையை முறிக்கும் சின்னக் கறுப்பு வண்டு. அது வண்டு இனம், இந்தக் குடும்பமே அல்ல. அதை அழிக்க டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள் (இப்போது தடைசெய்யப்பட்டது). மருந்து வண்டோடு நிற்கவில்லை, ஜாவாக் குளவியையும் கொன்றது. இலைக்குள் சுருண்டிருந்த புழுவுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. காவல்காரன் போனதும் அடங்கிக் கிடந்த டோட்ரிக்ஸ் திரும்பப் பெருகி, மலை மலையாகக் கொழுந்தைத் தின்றது. கொழுந்து குறைந்தால் யாருடைய கூடை குறையும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் பிறகு இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே சுருண்ட இலையைப் பிரிக்கும்போது, செத்த புழுவும் பக்கத்தில் சின்னச் சின்னக் கூடுகளும் கண்டால், அதை நசுக்காமல் செடியிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது குளவி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தேயிலையில் முள்முள்ளாக, நத்தை மாதிரி ஊரும் பச்சைப் புழு பட்டால் நெருப்புச் சுட்டதுபோல எரியும். அதுவும் ராப்பூச்சிப் புழுவே. பட்ட இடத்தைத் தேய்க்கவேண்டாம், முள் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை மெல்ல அழுத்தி இழுத்தால் முள்ளும் மயிரும் அதோடு வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் டிஸ்பென்சரிக்கு வாருங்கள், பேர் போய்விடும் என்று பார்க்கவேண்டாம். மயிர்க்கொட்டிக்கும் இதே வைத்தியம்தான்.

அந்தப் பெரிய பூச்சியை இப்போது கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிள்ளைக்காம்பரா சுவரில் மாட்டியிருக்கிறோம். கொம்பு இறகு மாதிரி இருப்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், ராப்பூச்சி என்று. இந்த இனத்துப் பூச்சிக்கு இறக்கை முளைத்த பிறகு உண்பதற்கு வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாள் பறந்து, சோடி சேர்ந்து, முட்டை இட்டுச் செத்துப்போகும். அது லைட்டுக்கு வந்ததற்கும் வீட்டு நன்மை தீமைக்கும் சம்பந்தமில்லை என்று மாமியாருக்கும் எடுத்துச் சொன்னோம்.

அவர் பெட்டிக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப நெசமாவே வாயில்லா சீவன்தானுங்களா ஐயா?" என்று கேட்டார்.