நடுவில் கிடக்கும் நாட்கள்

சென்ற வாரம் மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசி வரியோடு நிறுத்தியிருந்தோம்: ‘பை-ராட்ஸ் 4, பயாப்ஸி தேவை.’

இந்த வரியைப் படித்த கையோடு பலர் தங்களுக்குத் தாங்களே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். நாலாம் நிலைப் புற்றுநோய் என்று புரிந்துகொண்டு ராத்திரி முழுக்க அழுதவர்கள் உண்டு. அந்த நாலு வேறு, இந்த நாலு வேறு. படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட் தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதற்குப் போடும் எண்தான் பை-ராட்ஸ். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதிலும் இந்த நாலு ரொம்ப அகலமானது. புற்றாக இருக்க நூற்றில் 3 பங்கு வாய்ப்பு இருந்தாலும் நாலுதான், 90 பங்கு இருந்தாலும் நாலுதான். அதனால்தான் அதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம், 4பி என்றால் 10 முதல் 50, 4சி என்றால் 50 முதல் 95. ரிப்போர்ட்டில் வெறுமனே 4 என்று இருந்தால், ‘இதில் ஏவா, பியா, சியா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு எழுத்தில் ஒரு வாரத் தூக்கம் இருக்கிறது.

அமெரிக்காவில் மார்பக பயாப்ஸி செய்துகொள்பவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்குப் புற்று இருப்பதில்லை என்ற கணக்கை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். ஆறுதலான கணக்கு. ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து நம் வீட்டில் வைக்க முடியாது. அங்கே எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் குறித்த காலத்தில் மேமோகிராம் எடுக்கிறார்கள், படத்தில் தெரியும் சின்னப் புள்ளிக்கெல்லாம் ஊசி போடுகிறார்கள். இங்கே பெரும்பாலும் குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்டு, அதையும் யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச காலம் தள்ளிவிட்டுத்தான் வருகிறோம். அதனால் நம் கணக்கு வேறாகத்தான் இருக்கும். அதேசமயம் கட்டி என்றாலே புற்று என்பதும் இல்லை. இளம் வயதுப் பெண்களுக்கு வரும் ஃபைப்ரோஅடினோமா, நீர்க்கட்டி, கிரானுலோமா என்கிற அழற்சி, மார்பகத்தில் வரும் காசநோய் என்று கட்டிபோலக் காட்சி தருபவை பல. கடைசி இரண்டும் நம் நாட்டு மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. படத்தில் அவை புற்றுபோலவே இருந்து மிரட்டும். எது எது என்று சொல்ல சதையை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எடுத்துப் பார்ப்பதில்தான் நம் ஊரின் பெரிய பயம் குறுக்கே வந்து நிற்கிறது. ‘ஊசி பட்டா பரவிடும், கத்தி வைக்கக் கூடாது.’ படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லாமல் இதைச் சொல்கிறார்கள். இது எப்படி வேரூன்றியது என்பதை ஊகிக்க முடிகிறது. கட்டி முற்றியபிறகே ஒருவர் வருகிறார், பயாப்ஸி நடக்கிறது, சில மாதத்தில் இறந்துபோகிறார். ஊர் கண்ணில் பட்டது ஊசி மட்டும்தான். அதற்கு முந்தைய தாமதம் யார் கண்ணிலும் படவில்லை. ஊசி போன பாதையில் சில செல்கள் சிதறுவது உண்மையிலேயே நடப்பதுண்டு. ஆனால் அப்படிச் சிதறியவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. பின்னால் வரும் அறுவையும் கதிர்வீச்சும் மிச்சத்தைக் கவனித்துக்கொள்கின்றன. பயாப்ஸி செய்ததால் ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இதைப் பாட்டிக்கும் மாமியாருக்கும் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டாமல் கூட வருகிறவர்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

இனி அந்த அறை. பரவலாகச் செய்யப்படுவது ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்யும் கோர் பயாப்ஸி. மல்லாந்தோ சற்று ஒருக்களித்தோ படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்வார்கள். முதலில் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி. நிஜமாக எரிவது இதுதான், சில விநாடிகள். அதன் பிறகு தோலில் சின்னதாக ஒரு கீறல், அதன் வழியாக ஊசி. பயாப்ஸி ஊசியை ‘கன்’ என்பார்கள், உள்ளே ஸ்பிரிங். விசையைத் தட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரு சிறு சேமியாத் துண்டு அளவுக்குச் சதை வந்துவிடும். இப்படிச் சில துண்டுகள் எடுப்பார்கள். வலியைவிட இந்தச் சத்தம்தான் தூக்கிவாரிப்போடும். அதனால் ஆரம்பிக்கும் முன் ‘ஒருமுறை வெளியே தட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்டால் பல டாக்டர்கள் காட்டிவிடுவார்கள். சத்தம் பழகிவிட்டால் உடம்பு துள்ளாது. அழுத்துவது, இழுப்பதுபோன்ற உணர்வு கடைசிவரை இருக்கும். கூர்மையான வலி இருந்தால் சொல்லிவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் மருந்து போட இடமுண்டு. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதை நம் பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பாடமாகச் சொல்லித் தந்திருக்கிறோம். அந்த அறையில் அந்தப் பாடம் வேண்டாம்.

தாலியைப் பற்றிப் பலர் கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள். பயாப்ஸி அன்று கழற்றச் சொன்னால் அதையே அபசகுனமாக எடுத்துக்கொண்டு கலங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் பார்த்துச் செய்யும் பயாப்ஸிக்குச் சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாலே பெரும்பாலும் போதும். மேமோகிராமில் உலோகம் படத்தை மறைக்கும், எம்.ஆர்.ஐ. என்றால் கழற்றியே ஆக வேண்டும். முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாறிவிடுகிற பெண்கள் இந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் தீர்த்துக்கொள்கிறார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றாலோ, பெண் செவிலியர் கூட நிற்க வேண்டும் என்றாலோ தேதி வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

பேச்சுக்கு வருவோம். ‘ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்’ என்பது நம் ஆஸ்பத்திரிகளின் தேசிய கீதம். அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் எல்விரா லாங்கும் அவர் குழுவினரும், ஊசி குத்திச் செய்யும் சிகிச்சைகளின் வீடியோப் பதிவுகளை அலசி 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘இப்போ வலிக்கும்’, ‘இப்போ எரியும்’ என்று முன்கூட்டி எச்சரித்தபோது நோயாளிகளுக்கு வலியும் பதற்றமும் கூடின. முடிந்தபிறகு ‘ரொம்ப வலிச்சுதா?’ என்று பரிவு காட்டியதுகூடப் பதற்றத்தை ஏற்றியதே தவிர இறக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே குழு மார்பக பயாப்ஸிக்கு வந்த 236 பெண்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தது. வழக்கமான கவனிப்பு கிடைத்தவர்களுக்குப் பதற்றம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் ஒருவர் நின்று, சொல்வதைக் கேட்டு, கேட்டதற்குப் பதில் சொன்ன பிரிவில் அது ஏறவில்லை. உடம்பைத் தளர்த்தி மனதைப் பிடித்தமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தந்த பிரிவில் குறைந்தது. வலி மூன்று பிரிவிலும் ஏறத்தான் செய்தது, பின்னிரண்டில் மெதுவாக. இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகாதா என்று கேட்கிற நிர்வாகிகளுக்காக ஒரு தகவல்: வழக்கமான முறைக்கு 46 நிமிடம் பிடித்தது, மனதைத் தளர்த்திய முறைக்கு 39.

நம் அரசு மருத்துவமனைகளின் கூட்டத்தில் தனியாக ஒருவரை இதற்கு நிறுத்துவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் ‘வலிக்கும்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘இப்போ மருந்து போடுறேன், அந்த இடம் மரத்துப்போகும்’ என்று சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. கூட வருகிற அக்காவும் அத்தையும் இதைக் கற்றுக்கொள்ளலாம். அனுமதித்தால் காதில் இளையராஜாவைப் போட்டுக்கொள்ளலாம். இசையும் தியானமும் பயாப்ஸியின்போது பதற்றத்தைக் குறைத்ததை டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016இல் காட்டியது. இரண்டும் இல்லாவிட்டால் மூச்சு இருக்கிறது: இழுப்பதைவிட விடுவது நீளமாக.

முடிந்ததும் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். வீட்டில் துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமான உள்ளாடை, தேவைப்பட்டால் பாராசிட்டமால். இரண்டு நாளைக்குத் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். அந்த இடம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ திரும்பப் போக வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவுதான்.

இனிமேல்தான் உண்மையான பாடு: முடிவு வரும்வரை.

லாங் குழுவின் இன்னொரு ஆய்வு 2009இல் வந்தது. பயாப்ஸி முடிந்து ஐந்தாம் நாள் 126 பெண்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற ஹார்மோன் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். அன்றைக்கு 16 பேருக்குப் புற்று என்று தெரிந்திருந்தது, 37 பேருக்கு இல்லை என்று தெரிந்திருந்தது, மீதி 73 பேருக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாதவர்களின் கார்டிசால் போக்கு, புற்று இல்லை என்று தெரிந்தவர்களிடமிருந்து தெளிவாக விலகி, புற்று என்று தெரிந்தவர்களோடு ஒட்டி நின்றது. ‘இன்னும் முடிவே வரலையே, அதுக்குள்ள ஏன் இப்படி இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கே?’ என்று கேட்கும் கணவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளவும்.

இத்தனை வதைக்கிற இந்த நாட்கள் ஒரு காலத்தில் கிடையவே கிடையாது; அவற்றைப் பெண்கள் சண்டைபோட்டு வாங்கினார்கள். 1970கள் வரை அமெரிக்காவில் நடைமுறை இப்படி: கட்டியோடு வரும் பெண்ணுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். சதையை எடுத்து உறையவைத்து அப்போதே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்று என்றால் அவர் கண் விழிக்கும் முன்பே மார்பகத்தையும், அதன் அடியில் உள்ள தசையையும், அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாகவே கையெழுத்து வாங்கியாகியிருக்கும். கண் விழித்துக் கையை வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

1974இல் மேரிலாந்தைச் சேர்ந்த ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் தன் மார்பில் கட்டியைக் கண்டார். பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், முடிவைப் பார்த்துவிட்டு மற்றதை நான் தீர்மானிக்கிறேன் என்றார். அப்படிச் செய்ய ஒப்புக்கொள்ளும் சர்ஜனைத் தேடி அவர் அலைய வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குக் கட்டி இருப்பது தெரிந்ததும், குஷ்னர் வெள்ளை மாளிகைக்கே போன் போட்டார். முதலில் பயாப்ஸியை மட்டும் செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்பதுதான் செய்தி. அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்தது. யாருடைய மார்பு, யாருடைய முடிவு! பெட்டி ஃபோர்டுக்கு ஒரே மயக்கத்தில் இரண்டும் நடந்தன. குஷ்னர் விடவில்லை. 1975இல் புத்தகம் எழுதினார், மருத்துவக் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவில் அவரும் ஒரு உறுப்பினர். பயாப்ஸி தனி, அறுவை தனி என்பதை அந்தக் குழு பரிந்துரைத்தது.

அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்ற அந்தப் பதில் நம் வீடுகளில் வேறு குரலில் இன்றும் ஒலிக்கிறது. ‘ரிசல்ட் வந்தா அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க.’ பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மகன், மருமகள், சம்பந்தி வரை தெரிந்த செய்தி அம்மாவுக்கு மட்டும் தெரியாது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். அவரோ எல்லோர் முகத்தையும் படித்துவிட்டு, தெரியாததுபோல் இருந்து நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். பயாப்ஸி அறைக்குள் போவதற்கு முன்பே டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்: முடிவை முதலில் என்னிடம் சொல்லுங்கள், கூட இன்னார் இருப்பார். கேட்கத் தெம்பில்லை, என் தங்கையிடம் சொல்லுங்கள் என்றாலும் சரிதான், அதைச் சொல்வதும் நீங்களாக இருங்கள்.

முடிவு எந்தக் கிழமை, யார் வழியாக வரும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது பல லேப்கள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றன. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகப் படுத்துக்கொண்டு அதைத் திறப்பதா, மறுநாள் டாக்டர் எதிரில் திறப்பதா என்பதை முன்னதாகவே தீர்மானித்துவிடுவது நல்லது. போன் கையில் வந்தபிறகு தீர்மானிக்க முடியாது.

சொன்ன நாளில் வரவில்லை என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை. எடுத்த சதை ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரமாவது ஊற வேண்டும். பிறகு மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, பேதாலஜிஸ்ட் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் கூடுதல் சாயச் சோதனைகளுக்கு இன்னும் சில நாள் ஆகும். நல்ல செய்தியை உறுதிப்படுத்தவும் அந்தச் சோதனை தேவைப்படுவதுண்டு.

‘புற்று இல்லை’ என்று வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: படத்தில் தெரிந்ததும் ஊசியில் வந்ததும் பொருந்துகின்றனவா? படம் பலமாகச் சந்தேகப்பட்டு, சதையில் ஒன்றும் இல்லை என்றால் ஊசி இடம் தவறியிருக்கலாம். அப்போது மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பலர் முதல்முறையைவிட அதிகமாக நொறுங்கிப்போகிறார்கள். ரிப்போர்ட்டில் வரும் மற்ற சொற்களோடு இதையும் சேர்த்து அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)