பழைய கல்லாப்பெட்டிக்குப் புது மெருகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்ட வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, நெல்லை சந்திப்பிலும் கொக்கிரகுளம் பக்கமும் கடைகளுக்குள் புகுந்தது. அரிசியும் பருப்பும் சீனியும் போனது ஒரு பக்கம் இருக்க, தண்ணீர் வடிந்த பிறகு கடைவாசல்களில் வெளியே வந்து விழுந்த மரச்சாமான்களை நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஆன ரேக்குகளும் மேசைகளும் நனைந்த ரஸ்க் போல உப்பி, உதிர்ந்து, கையில் எடுக்கவே வரவில்லை. தாத்தா காலத்துத் தேக்குக் கல்லாப்பெட்டியோ சேற்றைக் கழுவி நிழலில் வைத்ததும் பழையபடி நின்றது.

அப்படி நின்ற பெட்டிகளைக்கூட, பார்வைக்கு அசிங்கமாகிவிட்டது என்று பழைய சாமான்காரரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. நம் உறுப்பினர்களில் பலருக்கு இது நஷ்டம் என்றே தோன்றுவதில்லை. ஆகவேதான் பழைய மரச்சாமானை வாங்குவது, சீர் செய்வது, மெருகேற்றுவது பற்றி இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கே வாங்குவது? செட்டிநாட்டுச் சாமான்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பெயர் பெற்றது. ஆனால் அங்கே அழகுப் பொருளாக வாங்க வருகிறவர்களுக்கான விலையும் சேர்ந்துகொள்ளும். கடையில் வைத்துப் புழங்க வேண்டிய நமக்கு, வீடு இடிக்கிற இடங்களும் உள்ளூர்ப் பழைய மரக்கடைகளுமே தோது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீடுகளைப் பாகம் பிரித்து விற்கும்போது சாய்வு மேசை, கணக்குப் பெட்டி, நிலைப்பேழை முதலியன வெளியே வருகின்றன. கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

பழைய பெட்டி என்றாலே பர்மா தேக்கு என்று சொல்லித்தான் விற்பார்கள். பர்மா தேக்கு ஒரு காலத்தில் தாராளமாக வந்தது உண்மை. 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி இந்தத் தொழிலில் முக்கியமான ஒன்று. அதே கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்கு இடம் வாங்கி, நம் மாஞ்சோலையில் தேயிலை போட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் வரத்து அடைபட்டது. எனவே விற்பவர் சொல்லும் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். உள்பக்கம், யார் கண்ணுக்கும் படாத ஓரத்தில், கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் தேக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு தனக்கே உரிய வாசனை தரும். தூக்க முடியாத கனமும் கருஞ்சிவப்பு ரேகையும் இருந்தால் தோதகத்தியாக இருக்கலாம். பலா, வேங்கை, பூவரசு ஆகியவையும் ஒதுக்கத்தக்கவை அல்ல. பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காமல் இருந்தால் சரி.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குண்டூசித் துளைகளிலிருந்து மாவு போலப் புதிய தூள் உதிர்ந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மளிகைக்கடைக்கு இதில் தனிக் காரணம் ஒன்று உண்டு. நெல்லையும் கோதுமையையும் துளைக்கிற சிறு வண்டு ஒன்று, மரம் துளைக்கும் வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே. மரத்தையும் அது குடையும். தானியம் வைக்கிற இடத்தில் ஓட்டை விழுந்த மரம் எதற்கு?

வெள்ளத்தில் நனைந்த சாமானை வெயிலில் போடுவதுதான் நாம் அதிகம் பார்க்கிற தவறு. மேல்பரப்பு சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, பலகை வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து செங்கல் வைத்து உயர்த்தி, வாரக்கணக்கில் ஆற விட வேண்டும். டிராயர் இறுகிக்கொண்டால் பதறி ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லக் கூடாது. உப்பியிருக்கும்போது இழைத்தால், மரம் காய்ந்த பிறகு டிராயர் லொடலொடவென்று ஆடும். காய்ந்த பின்னும் இறுக்கமாக இருந்தால் ஓடுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும்.

மூட்டு ஆடினால் ஆணி அடிக்காதீர்கள். பழைய சாமான் பிளவுபடுவதற்குப் பிற்காலத்தில் அடித்த ஆணிகள்தான் பெரும்பாலும் காரணம். மூட்டைக் கழற்றி, பழைய வஜ்ஜிரத்தைச் சுரண்டி எடுத்து, மரப்பசை தடவி, சுற்றிலும் கயிறு கட்டி, நடுவில் குச்சி கொடுத்து முறுக்கி, ஒரு நாள் விட்டால் அசையாது.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதில்தான் கொஞ்சம் பயப்பட வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சிலும் சரக்கிலும் போய்ச் சேரும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். எனவே கடைக்குள் வைத்துத் தேய்க்கவே கூடாது. வெளியே கொண்டுபோய், தண்ணீர் தொட்டுத் தொட்டு நீர்த்தாளால் தேய்த்து, கழிவைத் துணியில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். நெருப்புக் காட்டிப் பெயிண்டை உரிப்பதும் ஆகாது. ஈயம் புகையாகக் கிளம்பும்.

பெயிண்ட் இல்லாத மரமென்றால் வேலை சுலபம். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் அழுக்கை எடுத்து, காய்ந்ததும் 80ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 120, கடைசியில் 220 என்று ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் பாலிஷ் போட்ட பிறகு ஒவ்வொரு கீறலும் பல்லைக் காட்டும். வெடிப்புகளை அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடையுங்கள். இது அழகுக்காக மட்டுமல்ல. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011ஆம் வருட விதிகள் உணவுப் பொருள் புழங்கும் இடம் எளிதில் சுத்தம் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. வெடிப்பில் மாவும் சீனியும் தங்கினால் எறும்பும் பூச்சியும் வரும், பின்னால் அதிகாரியும் வருவார்.

மெருகுக்கு நாம் சிபாரிசு செய்வது அரக்குப் பாலிஷ். ஷெல்லாக் என்று கேட்டால் பெயிண்ட் கடையில் செதிலாகத் தருவார்கள். ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, தொட்டு, கனமில்லாமல் இழுக்க வேண்டும். ஒரே தடவையில் தடியாகப் பூசுவதைவிட ஆறேழு தடவை மெல்லிசாகப் பூசுவது மேல். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் சாரல் காலத்தையும் தவிர்க்க வேண்டும். பங்குனியும் சித்திரையும் இதற்கு நல்ல மாதங்கள்.

மற்ற கடைக்காரர்களுக்கு இல்லாத கவலை மளிகைக்காரர்களுக்கு உண்டு. டீத்தூள், காப்பித்தூள், வெல்லம், அரிசி எல்லாம் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். டர்பன்டைன் கலந்த வார்னிஷ் அடித்த அலமாரியில் மறுநாளே டீத்தூளை வைத்தால், வாடிக்கையாளர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவருவார். அரக்குப் பாலிஷில் ஸ்பிரிட் சீக்கிரம் பறந்துவிடுவதால் வாடை நிற்காது. காய்ந்த அரக்கு மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல்பூச்சாக உபயோகப்படுகிற பொருள்தான். ஆனால் அரக்கு சூட்டையும் தண்ணீரையும் தாங்காது, டீ கிளாஸ் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆகையால் கவுண்டரின் மேல்பலகைக்கு மட்டும் நல்ல வார்னிஷ் அடித்து, வாடை முற்றிலும் போகும்வரை வெளியே வைத்திருந்து உள்ளே கொண்டுவருவது உத்தமம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்பிரிட் விஷம். கலர், தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வைக்கவே கூடாது. அடுத்தது, ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துணியைத் தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

கதவின் நடுப்பலகை போய்விட்ட அலமாரியென்றால் புதுப்பலகைக்கு ஓடாதீர்கள். பத்தமடைக் கோரைப்பாயில் ஒரு துண்டை அளவு வெட்டி, ஓரத்தை மடித்து, சட்டத்துக்குள் வைத்து ரீப்பர் அடித்துவிடலாம். காற்றும் போகும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். நம் ஆற்றுப் பாசனத்தில் விளைந்த கோரையைத் தேக்குச் சட்டத்தில் பார்க்கிறவர்கள் எங்கே செய்தது என்று கேட்காமல் போவதில்லை.

இதெல்லாம் எவர்சில்வர் கவுண்டர் காலத்தில் எடுபடுமா என்று இளைய தலைமுறை கேட்கும். நெல்லையப்பர் கோவில் எதிரே இருட்டுக்கடை பழைய தோற்றத்தை மாற்றாமலேயே வியாபாரம் செய்கிறது. எல்லோரும் இருட்டில் உட்கார வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வெளிச்சமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு முகம் இருந்தால் வாடிக்கையாளர் ஞாபகம் வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கல்லாப்பெட்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் டிராயருக்குப் பின்னால் ரகசிய அறை இருக்கும். பாலிஷ் போடுவதற்கு முன்பே அதைத் திறந்து சுத்தம் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் பாலிஷ் இறங்கி ஒட்டிக்கொள்ளும். பூட்டு பித்தளையாக இருந்தால் புளி தொட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். க்யூ.ஆர். அட்டையைப் புதுப் பாலிஷ் மேல் ஒட்டாமல், சின்ன மரத்தாங்கியில் நிறுத்தி வையுங்கள்.