போர்வெல் தண்ணீருக்கும் முறை வைக்க முடியுமா? ஆந்திர விவசாயிகள் ஆடிய விளையாட்டும் கோபியின் கணக்கும்

கீழ்பவானி வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பது கோபிசெட்டிபாளையம் பகுதி விவசாயிகளுக்கு மனப்பாடம். மொத்தம் 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்கு கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கும் திறப்பார்கள். அடுத்த வருஷம் முறை மாறும்.

ஆனால் அதே தோட்டத்தில் இருக்கும் போர்வெல்லுக்கு எந்த முறையும் கிடையாது. ஆழமாகப் போட்டவருக்குத் தண்ணீர், அவ்வளவுதான். "நான் மட்டும் கரும்பை விட்டுட்டா பக்கத்துக் காட்டுக்காரர் விட்டுருவாருங்களா?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் கேள்வியையே ஒரு விளையாட்டாக்கி ஆந்திர கிராமங்களில் ஆட வைத்தார்கள். சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும், ஃபவுண்டேஷன் ஃபார் எக்கலாஜிக்கல் செக்யூரிட்டி என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து செய்த முயற்சி இது. ஆய்வு முடிவுகள் 2018-ல் வெளியாயின.

எப்படி ஆடுவது?

கம்ப்யூட்டர், செல்போன் எதுவும் வேண்டாம். ஐந்து பேர் உட்கார வேண்டும். ஐவருக்கும் நிலத்தடி நீர் பொது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பயிரில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஒன்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும், வருமானமும் குறைவு. இன்னொன்று அதிகம் குடிக்கும், அதிகம் தரும்.

கணக்கு புரிய, வீட்டிலேயே 50 புளியங்கொட்டையை வைத்துப் பாருங்கள். கடலைக்கு 1 கொட்டை, கரும்புக்கு 3. சுற்று முடிந்ததும் மழைக் கணக்கில் 5 கொட்டை திரும்பச் சேரும். ஐந்து பேரும் கடலை போட்டால் 50 அப்படியே இருக்கும். ஐந்து பேரும் கரும்பு போட்டால் ஐந்தே சுற்றில் காலி. ஒருவர் மட்டும் கரும்பு போட்டால்? சுற்றுக்கு 2 குறையும். மற்ற நால்வருக்கும் அது சீக்கிரம் கண்ணில் படாது. சிக்கலே அங்கேதான்.

என்ன மாறியது?

சில சுற்றுகளில் ஆடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள அனுமதி உண்டு. பேசினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், முதல் வருஷம் அப்படி நடக்கவில்லை. அடுத்த வருஷம் விதிகளைக் கொஞ்சம் மாற்றி அதே ஊர்களில் மறுபடி ஆடியபோதுதான், பேசி முடிவெடுத்த குழுக்கள் தண்ணீரை அதிகம் காப்பாற்றின. இன்னொன்று: எப்படி ஆடினார்கள் என்பதைப் பொறுத்து பணம் கொடுத்தும் பார்த்தார்கள். பயிர்த் தேர்வில் அதனால் எந்த வித்தியாசமும் வரவில்லை!

ஆட்டம் முடிந்ததும் ஊரே கூடி, நடந்ததைப் பேசினார்கள். விளையாட்டை விட முக்கியம் இந்தக் கூட்டம்தான் என்று சொல்லலாம். அதே தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் இருந்த மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால், விளையாட்டு நடந்த ஊர்களில் தண்ணீர்ப் பதிவேடு வைப்பதும், நிலத்தடி நீருக்கு விதி போட்டுக்கொள்வதும் கணிசமாக அதிகம்.

அதற்காக விளையாட்டு மட்டுமே நீர்மட்டத்தை உயர்த்திவிடும் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. மழை, மின்சாரம், விளைபொருள் விலை என்று எத்தனையோ இருக்கிறது. மஞ்சள் விலை ஏறினால் எந்தப் பதிவேடும் தாங்குமா என்பதும் நியாயமான சந்தேகம்தான்.

கோபியில் ஆடினால்?

இங்கே கணக்கு இன்னும் கொஞ்சம் சிக்கல். கிணற்றுக்கு நீர் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை, வாய்க்கால் கசிவிலிருந்தும் வருகிறது. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடும் திட்டத்தை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் போராடியது இந்தக் கசிவு நின்றுவிடும் என்ற பயத்தில்தான். கடைமடையில் இருந்து வந்த குரல் வேறு: கசிவு குறைந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேரும் என்றார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆடட்டும். சுற்றுக்கு 5 கொட்டை திரும்பி வருவதை 3 என்று மாற்றினால், ஐந்து பேரும் கடலையே போட்டாலும் 25-வது சுற்றில் பாய் காலி.