21 நாள் ஓட்டமும் 8 வினாடிக் கணக்கும்

ஜூலை மாதம் வந்தால் தொலைக்காட்சியில் பிரான்ஸ் நாட்டு சைக்கிளோட்டப் போட்டியைக் காட்டுகிறார்கள். "இன்று முதலாவதாக வந்தவனை விட்டுவிட்டு வேறொருவனுக்கு மஞ்சள் சட்டை போடுகிறார்களே, இது என்ன நியாயம்?" என்று என்னிடம் கேட்காத வியாபாரி குறைவு. கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்தவருக்கு இது இலகுவில் விளங்கும்.

டூர் டி பிரான்ஸ் ஒரே ஓட்டமல்ல. 23 நாட்களில் 21 கட்டங்கள். இரண்டு நாள் ஓய்வு. மொத்தத் தூரம் 3,300 கிலோமீற்றர் அளவில். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஓட்டக்காரர் எடுத்த நேரம் அவரது பெயரில் பற்று எழுதப்படுகிறது. கடைசியில் யாருடைய பற்று ஆகக் குறைவோ அவரே வெற்றியாளர். அன்றன்று கணக்கில் முன்னிற்பவர் அணிவதுதான் மஞ்சள் சட்டை. அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் 1990ஆம் ஆண்டு ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமலேயே போட்டியை வென்றார்.

கட்டங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. சமவெளிக் கட்டத்தில் எல்லோரும் பெருங்கூட்டமாக வருவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்க, பின்னால் வருபவனுக்குப் பாரம் குறைகிறது. கூட்டமாக முடித்தால் எல்லோருக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். முதல் மூவருக்கு மட்டும் 10, 6, 4 வினாடிகள் கழிவு உண்டு. ஆகவே சமவெளியில் பெயர் கிடைக்கும், நேரம் பெரிதாக மிஞ்சாது. அல்ப்ஸ், பைரனீஸ் மலைக் கட்டங்களில்தான் நிமிடக் கணக்கில் இலாப நஷ்டம் வரும். ஏற்றத்தில் வேகம் குறைவதால் மற்றவன் முதுகில் ஒளிந்து வர முடியாது. மூன்றாவது வகை, தனியாள் நேர ஓட்டம். ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும். யாருடைய நிழலும் கிடையாது.

1989ஆம் ஆண்டு கடைசிக் கட்டம் அப்படிப்பட்டதுதான். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீற்றர். பிரான்சின் லோரன் ஃபின்யோன் 50 வினாடிகள் முன்னணியில் இருந்தார். அதே லெமொண்ட், கைகளை முன்னால் நீட்டிக் குனிந்து ஓட்டும் புதுவகைக் கைப்பிடியோடு வந்தார். ஃபின்யோனோ தலைக்கவசமும் இன்றி, குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். 3,285 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஃபின்யோன் தோற்றது வெறும் 8 வினாடியில்! இந்தப் போட்டியில் இவ்வளவு சிறிய வித்தியாசம் வேறெந்த ஆண்டிலும் வரவில்லை.

பின்தங்குபவர்களுக்கும் ஒரு தவணை உண்டு. அன்றைய வெற்றியாளரின் நேரத்தோடு குறித்த ஒரு சதவீதத்தைக் கூட்டி எல்லை வைப்பார்கள். அதற்குள் வந்து சேராதவர் மறுநாள் ஓட முடியாது. சமவெளியில் புலியாகப் பாயும் கனத்த உடம்புக்காரர்கள், மலை நாட்களில் வெவ்வேறு அணியினராக இருந்தும் ஒன்றுசேர்ந்து அந்த எல்லைக்குள் வந்துவிடப் பார்ப்பார்கள். போட்டிக்காரர்களுக்குள் இப்படியொரு ஒத்தாசை. எனக்கு இந்தப் போட்டியில் ஆகப் பிடித்த காட்சி இதுதான்.

இதெல்லாம் தொடங்கியதே வியாபாரப் போட்டியால்தான் என்பது பலருக்குத் தெரியாது. பாரிசில் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை, எதிராளியான 'லெ வெலோ'வுக்கு முன்னால் விற்பனையின்றித் தத்தளித்தது. ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ச், உதவியாளர் ஒருவர் சொன்ன யோசனையை ஏற்று 1903இல் இந்த ஓட்டத்தை நடத்தினார். அப்போது 6 கட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் சராசரி 400 கிலோமீற்றர். இரவிலும் ஓட வேண்டும். புறப்பட்ட 60 பேரில் முடித்தவர்கள் 21 பேர். பத்திரிகை விற்பனை பன்மடங்கானது. அடுத்த ஆண்டே எதிராளி கடையை மூடிவிட்டார். 1919இல் வந்த மஞ்சள் சட்டையின் நிறம், அந்தப் பத்திரிகை அச்சான தாளின் நிறமே.

1930இல் தெக்ராஞ்ச் இன்னொரு துணிச்சல் செய்தார். சைக்கிள் கம்பனிகளின் தலையீடு பிடிக்காமல் அவர்களது அணிகளை நீக்கி, நாட்டு அணிகளை ஓட விட்டார். அவர்களின் பணம் நின்றது. ஓட்டக்காரர்களின் சாப்பாடும் தங்குமிடமும் இவர் தலையில் விழுந்தன. அதற்கு அவர் கண்ட வழி, ஓட்டத்துக்கு முன்னால் விளம்பர வாகனங்களைக் காசுக்கு அனுப்புவது. அந்த ஊர்வலம் இன்றும் போகிறது. தெருவோர மக்களுக்குத் தொப்பியும் இனிப்பும் எறிகிறார்கள். வீதியோரம் நின்று பார்ப்பவரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. கட்டம் தங்கள் ஊரில் தொடங்கவும் முடியவும் நகரசபைகள் பணம் கட்டுகின்றன. ஓட்டம் வரும் நாளில் ஹோட்டல்களும் கடைகளும் நிரம்பும் என்பது அவர்கள் போடும் கணக்கு.